லிட்டர் கணக்கில் ஜெயித்த கார்: போர்ஷே 956, 962 வழியாக நீடித்த ஓட்டப் பந்தயத்தைப் புரிந்துகொள்ளலாம்

24 மணி நேரம் ஓடும் கார் பந்தயம் என்று சொன்னவுடன் பலருக்கும் வரும் முதல் சந்தேகம், அவ்வளவு நேரம் ஒரு காரை முழு வேகத்தில் விரட்ட முடியுமா என்பதுதான். பல காலம் வரைக்கும் முடியாது, யாரும் அப்படி விரட்டவும் இல்லை. குறிப்பாக 1980களில் பிரான்ஸில் 24 மணி நேரப் பந்தயம் நடக்கும் லெ மான்ஸில் ஓடிய கார்களின் ஓட்டுநர்கள் வேகமானியைப் பார்த்ததைவிட எரிபொருள் அளவைப் பார்த்ததுதான் அதிகம். இந்த வகைப் பந்தயத்தில் கார் எவ்வளவு வேகமாகப் போகும் என்பது பாதிக் கேள்விதான். கொடுத்த எரிபொருளை வைத்துக்கொண்டு, உடையாமல், எவ்வளவு தூரம் போகும் என்பது மீதிப் பாதி. இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து போர்ஷே 956-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது, அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் காரையும் அதன் அடுத்த வடிவமான 962-ஐயும் பற்றியதுதான்.

முதலில் புரோட்டோடைப் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நீடித்த ஓட்டப் பந்தயத்தில் ஒரே தடத்தில், ஒரே நேரத்தில் பல வகைக் கார்கள் ஓடும். ஒரு வகை, கடையில் விற்கும் காரை எடுத்து, எடையைக் குறைத்து, எஞ்சினை முறுக்கேற்றி ஓட்டுவது. இன்னொரு வகை, பந்தயத்துக்காகவே வெறும் காகிதத்திலிருந்து வரைந்து கட்டுவது. இந்த இரண்டாவதுதான் புரோட்டோடைப். ஃபார்முலா 1 காரும் பந்தயத்துக்காகவே கட்டப்படுவதுதான், ஆனால் அதில் சக்கரங்கள் வெளியே தெரியும், ஓட்டுநர் நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பார். புரோட்டோடைப்பில் சக்கரங்கள் உடலுக்குள் மூடியிருக்கும், பெயருக்காவது இரண்டாவது இருக்கைக்கு இடம் இருக்கும், முகப்பு விளக்குகள் இருக்கும், ஏனென்றால் இரவு முழுக்க ஓடியாக வேண்டும். ஒரு காரை இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். தடத்தின் ஓரத்தில் அணிகள் வேலை செய்யும் இடமான பிட்டில் நிற்கும்போது எரிபொருள், டயர், ஓட்டுநர் மாற்றம் எல்லாம் நடக்கும். பழுதானால் அங்கேயே சரிசெய்து மறுபடியும் அனுப்புவார்கள், கடிகாரம் மட்டும் நிற்காது.

சரி, இப்போது விதிக்கு வருவோம். புரோட்டோடைப் கார்கள் எல்லாமே விதிப்புத்தகத்தின் குழந்தைகள். எஞ்சினியர்கள் விதியைப் படித்து, அதில் எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை நிரப்பும் காரைக் கட்டுகிறார்கள். 1982-ல் வந்த விதிக்கு குரூப் சி என்று பெயர். அதற்கு முன்பிருந்த விதிகள் பெரும்பாலும் எஞ்சினின் கொள்ளளவைப் பிடித்துக் கட்டுப்படுத்தின, இத்தனை லிட்டர் எஞ்சினுக்கு மேல் கூடாது, டர்போ என்றால் இத்தனை மடங்காகக் கணக்கிடுவோம் என்று போகும். குரூப் சி அதைத் தலைகீழாக மாற்றியது. எஞ்சின் எவ்வளவு பெரியதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், டர்போ இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், எத்தனை சிலிண்டர் என்பதும் உங்கள் இஷ்டம், ஆனால் எரிபொருள் இவ்வளவுதான். காரின் டேங்க் 100 லிட்டருக்கு மேல் கூடாது, 1000 கிலோமீட்டர் பந்தயத்துக்கு மொத்தமே 600 லிட்டர். குறைந்தபட்ச எடை 800 கிலோ.

600 லிட்டரில் 1000 கிலோமீட்டர் என்றால் 100 கிலோமீட்டருக்கு 60 லிட்டர். சாலையில் ஓடும் காரோடு ஒப்பிட்டால் இது பெரிய ஊதாரித்தனமாகத் தெரியும். ஆனால் 600 குதிரைத்திறனுக்கு மேல் தரும் டர்போ எஞ்சினை முழு அழுத்தத்தில் ஓட்டினால் இந்த அளவு பாதியிலேயே தீர ஆரம்பித்துவிடும், அப்புறம் மீதி தூரத்தை மெதுவாக உருட்டிக்கொண்டு வர வேண்டியதுதான். ஆக, சக்தியைப் பெருக்குவது எஞ்சினியர்களுக்குப் பெரிய சவாலாக இல்லை. ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் அதிக தூரத்தைப் பிழிந்தெடுப்பதுதான் சவால். இந்த விதியை வகுத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுவேன், ஏனென்றால் பெரிய வி12 எஞ்சினும் சின்ன டர்போ எஞ்சினும் ஒரே தடத்தில் நியாயமாக மோத இதுதான் வழி வகுத்தது.

போர்ஷேயில் 956 வேலை தொடங்கியது 1981 ஜூனில். தலைமைப் பொறுப்பு நார்பர்ட் சிங்கருக்கு. முதல் கார் 1982 மார்ச் 27 அன்று வைசாக்கில் உள்ள நிறுவனத்தின் சொந்தத் தடத்தில் யூர்கன் பார்த் ஓட்ட உருண்டது. ஒன்பது மாதம். இவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்கு ஒரு காரணம், எஞ்சின் ஏற்கெனவே கையில் இருந்தது. அமெரிக்காவின் இண்டியனாபோலிஸ் 500 பந்தயத்துக்காக ஹான்ஸ் மெட்ஸ்கரின் குழு உருவாக்கிய ஆறு சிலிண்டர் எஞ்சின் அது. அங்கே டர்போ அழுத்தம் பற்றிய விதியை மாற்றியதும் போர்ஷே அந்தத் திட்டத்தையே கைவிட்டது, எஞ்சின் ஓடாமல் மூலையில் கிடந்தது. மெத்தனாலுக்காகச் செய்ததைப் பெட்ரோலுக்கு மாற்றி, இரட்டை டர்போ பொருத்தி, 1981-ல் பழைய 936 காரில் வைத்து லெ மான்ஸுக்கு அனுப்பினார்கள். ஜாக்கி இக்ஸும் டெரெக் பெல்லும் ஜெயித்தார்கள். அதே 2.65 லிட்டர் எஞ்சின்தான் அடுத்த ஆண்டு 956-க்குப் போனது, சுமார் 620 குதிரைத்திறன். சிலிண்டர்களைக் காற்று குளிர்விக்கும், அதிகச் சூடாகும் தலைப்பகுதியைத் தண்ணீர் குளிர்விக்கும்.

டர்போ எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சின்னச் சுழலியைச் சுற்ற வைக்கிறது, அது வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது, காற்று அதிகமானால் எரிபொருளும் அதிகமாக எரியலாம், சக்தி கூடும். அந்த அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் 956-ல் ஓட்டுநருக்கு எட்டும் தூரத்திலேயே ஒரு திருகு இருந்தது. யார் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் எரிபொருளைப் பற்றிக் கவலை இல்லை, முழுக்கத் திருகலாம். பந்தயத்தில் அப்படிச் செய்தால் விளைவைச் சில மணி நேரம் கழித்து அனுபவிக்க வேண்டும்.

எஞ்சின் பழையது, ஆனால் மற்ற எல்லாமே புதுசு. அதுவரை போர்ஷே தன் புரோட்டோடைப்களைக் குழாய்களைப் பற்றவைத்துக் கட்டிய சட்டகத்தில்தான் செய்துகொண்டிருந்தது. 956-ல்தான் முதல்முறையாக அலுமினியத் தகடுகளை மடித்து ஒட்டி, ரிவெட் அடித்து, பெட்டி போன்ற ஒரே உடலாகச் செய்தார்கள். மோனோகாக் என்று இதைச் சொல்வார்கள். எடை குறைவு, முறுக்கினாலும் வளையாது.

அடுத்ததுதான் இந்தக் காரின் உயிர்நாடி, கிரவுண்ட் எஃபெக்ட். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வேகமெடுக்கிறது இல்லையா, காற்றும் அப்படித்தான், குறுகலான இடத்தில் நுழையும்போது வேகமாகப் போகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. காரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் நடுவே காற்று போகும் வழியை முதலில் குறுக்கி, அப்புறம் பின்பக்கம் மெல்ல மெல்ல உயர்த்தி அகலமாக்கினால், அடியில் அழுத்தம் குறைந்து, மேலேயிருக்கும் காற்று காரைத் தரையோடு அழுத்தும். கார் தரையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. வளைவில் டயர் வழுக்காமல் அதிக வேகத்தில் திரும்ப முடிவது இதனால்தான். பெரிய பின் இறக்கை வைத்தும் இதே அழுத்தத்தைப் பெறலாம், ஆனால் இறக்கை காற்றை நேராக எதிர்த்து நிற்பதால் நேர்பாதையில் கார் மெதுவாகும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். அடிப்பகுதியால் கிடைக்கும் அழுத்தத்துக்கு அந்த விலை மிகக் குறைவு. எரிபொருள் அளந்து கொடுக்கப்படும் பந்தயத்தில் இது எவ்வளவு பெரிய லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபார்முலா 1-ல் லோட்டஸ் அணி 1970களின் கடைசியிலேயே இந்த வித்தையைச் செய்து காட்டிவிட்டது. ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதபடி குரூப் சி விதி ஒரு கட்டை போட்டிருந்தது: காரின் அடியில் 100 சென்டிமீட்டருக்கு 80 சென்டிமீட்டர் அளவில் ஒரு பகுதி தட்டையாகவே இருக்க வேண்டும். சிங்கர் அந்தத் தட்டைப் பகுதிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மேல்நோக்கி உயரும் சுரங்க வழிகளை வைத்தார், முன்னால் மூக்குக்கு அடியிலும் ஒரு குழிவு கொடுத்தார். அங்கே இன்னொரு சிக்கல். போர்ஷேயின் எஞ்சின் படுத்த வாக்கில் இருப்பது, சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும், சுரங்க வழிகள் போக வேண்டிய இடத்தையே அவை அடைத்துக்கொள்ளும். வி வடிவ எஞ்சின் வைத்திருந்த போட்டியாளர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கொஞ்சம் சாய்த்து, பின்பக்கம் உயர்த்தி வைத்துத்தான் காற்றுக்கு வழி விட்டார்கள். ஸ்டட்கார்ட்டில் இருக்கும் போர்ஷே அருங்காட்சியகத்தில் ஒரு 956-ஐக் கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சுமார் 320 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அந்தக் காரை அழுத்தும் காற்றின் விசை அதன் எடையையே மிஞ்சிவிடும், கணக்குப்படி கூரையில் தலைகீழாகவே ஓடலாம் என்பதைக் காட்டத்தான் அப்படி.

லெ மான்ஸுக்கு மட்டும் காரின் வாலை நீளமாக்கினார்கள். அன்றைக்கு அந்தத் தடத்தில் மல்சான் நேர்பாதை சுமார் 6 கிலோமீட்டர் இடைவெளியே இல்லாமல் நீண்டிருந்தது (நடுவில் இரண்டு இடத்தில் வளைவுகளைப் போட்டு வேகத்தைக் குறைத்தது 1990-ல்தான்). அங்கே தரையழுத்தத்தைவிடக் காற்றைக் கிழித்துக்கொண்டு போவது முக்கியம். மற்ற தடங்களில் குட்டை வால், பெரிய இறக்கை.

முதல் பந்தயம் 1982 மே மாதம், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில். இந்தப் பந்தயத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆனால் விதி எப்படிக் கடிக்கும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. எரிபொருள் கொடுத்தது 1000 கிலோமீட்டர் பந்தயத்துக்கான அளவு, பந்தயமோ 6 மணி நேரம். முழு வேகத்தில் போனால் 6 மணி நேரத்தில் 1000 கிலோமீட்டரைத் தாண்டிவிடுவார்கள், ஆனால் கூடுதல் தூரத்துக்குக் கூடுதல் பெட்ரோல் கிடையாது. இக்ஸும் பெல்லும் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து ஓட்டினார்கள். பழைய விதிப்படி கட்டப்பட்ட, எரிபொருள் கட்டுப்பாடே இல்லாத லான்சியா கார் முன்னால் போய் ஜெயித்தது, 956 இரண்டாவதாக வந்தது. தன் வகையில் முதலிடம்தான், என்றாலும் புத்தம் புதிய காரை அடக்கி அடக்கி ஓட்டுவது ஓட்டுநர்களுக்கு எவ்வளவு கசந்திருக்கும்!

அடுத்த மாதம் லெ மான்ஸ். 24 மணி நேரத்துக்கு 2600 லிட்டர். விளம்பரதாரரான ரோத்மன்ஸின் நிறங்களில் 1, 2, 3 என்று எண்ணிட்ட மூன்று 956 கார்கள் வந்தன, அதே வரிசையில் 1, 2, 3 என்று பந்தயத்தை முடித்தன. முதல் காரில் இக்ஸ், பெல். இக்ஸுக்கு அது ஆறாவது லெ மான்ஸ் வெற்றி. அவர்கள் ஓடியது 359 சுற்றுகள், ஏறக்குறைய 4,900 கிலோமீட்டர். 2600 லிட்டரை அந்தத் தூரத்தால் வகுத்தால் 100 கிலோமீட்டருக்கு 53 லிட்டருக்கு மேல் போயிருக்க முடியாது. மேலே சொன்ன 60 லிட்டர் கணக்கோடு ஒப்பிட்டால் லெ மான்ஸ் இன்னும் இறுக்கமான சோதனை என்பது தெரியும். வேலை தொடங்கி ஒரே வருடத்தில் ஒரு கார் இதைச் செய்தது என்பது இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

1983-ல் போர்ஷே செய்த காரியம் அந்தக் கார் செய்த எதையும்விட முக்கியம் என்பேன். காரை விற்க ஆரம்பித்தார்கள். யோஸ்ட், கிரேமர், ஃபிட்ஸ்பேட்ரிக், ஓபர்மையர் என்று தனியார் அணிகள் பணம் கொடுத்து 956 வாங்கி, தாங்களே பராமரித்து, போர்ஷேயின் சொந்த அணியான தொழிற்சாலை அணியையே எதிர்த்து ஓட்டின. பொதுவாக ஒரு நிறுவனம் தன் சிறந்த ஆயுதத்தை விற்காது, விற்றாலும் போன வருடத்துச் சரக்கைத் தள்ளிவிடும். தொழிற்சாலைக் கார்களுக்குச் சில சலுகைகள் இருந்தது உண்மைதான், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் போஷ் மோட்ரானிக் மின்னணு அமைப்பு அவர்களுக்குத்தான் முதலில் கிடைத்தது, ஒவ்வொரு துளியையும் அளந்து செலுத்தும் அந்த அமைப்பு எரிபொருள் கணக்கில் பெரிய உதவி. ஆனாலும் 1983 செப்டம்பரில் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில், ஈரத்தில் நடந்த பந்தயத்தில், ஜான் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் டெரெக் வார்விக்கும் வாங்கிய காரை வைத்தே தொழிற்சாலை அணியைத் தோற்கடித்தார்கள். அதே ஆண்டு லெ மான்ஸில் முதல் பத்து இடங்களில் ஒன்பது 956-க்கு. ஒன்பதாவது இடம் மட்டும் பிஎம்டபிள்யூ எஞ்சின் பொருத்திய சௌபர் காருக்குப் போனது. இந்தப் பட்டியலை அப்படியே அச்சிட்டு, யாரும் முழுமையானவர்கள் இல்லை என்ற பொருளில் ஒரு தலைப்பு போட்டு போர்ஷே விளம்பரமே வெளியிட்டது.

அந்தப் பந்தயத்தின் முடிவையும் சொல்லியாக வேண்டும். ஆல் ஹோல்பர்ட், ஹர்லி ஹேவுட், வெர்ன் ஷுப்பன் ஓட்டிய கார் முன்னிலையில் இருந்தது. அதன் கதவு ஒன்று முன்பே பிய்த்துக்கொண்டு போயிருந்தது, அதனால் ரேடியேட்டருக்குப் போகும் காற்று குலைந்து எஞ்சின் சூடேறிக்கொண்டே வந்தது. கடைசிச் சுற்றில் ஹோல்பர்ட் ஓட்டிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் கிட்டத்தட்ட இறுகிப் புகை விட ஆரம்பித்தது. பின்னால் ஒரு நிமிட அளவு இடைவெளியில் டெரெக் பெல் துரத்தி வந்தார், அவருடைய டேங்கில் எரிபொருள் வற்றும் நிலை. புகையோடு ஹோல்பர்ட் கோட்டைத் தாண்டினார். 24 மணி நேரம் ஓடி, சூட்டாலும் வறண்ட டேங்காலும் தீர்மானிக்கப்படுகிற பந்தயம், இந்த விளையாட்டின் சாரமே இதுதான்.

இவ்வளவு நேரம் சிக்கனத்தைப் பற்றியே பேசியதால் 956 மெதுவான கார் என்று நினைத்துவிடக் கூடாது. 1983 மே 28, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கின் பழைய நீண்ட தடம், 20.8 கிலோமீட்டர், மலையும் காடும் குருட்டு வளைவுகளும். 1000 கிலோமீட்டர் பந்தயத்துக்கான தகுதிச் சுற்றில் ஸ்டெஃபான் பெல்லாஃப் என்ற இளைஞர் 6 நிமிடம் 11.13 வினாடியில் சுற்றி வந்தார். சராசரி வேகமே மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த நேரத்தை யாரும் 35 ஆண்டுகள் தொடவில்லை. 2018 ஜூனில்தான் டிமோ பெர்ன்ஹார்ட் 5 நிமிடம் 19.55 வினாடியில் அதை உடைத்தார். அதற்கும் ஒரு பின்னணி உண்டு: அவர் ஓட்டிய போர்ஷே 919 காரிலிருந்து பந்தய விதிகளின் கட்டுப்பாடுகள், எரிபொருள் அளவு உட்பட, முழுக்கக் கழற்றப்பட்டிருந்தன. எந்தப் பந்தயத்திலும் ஓட அதற்கு அனுமதி கிடையாது. அதேபோல எரிபொருள் கவலை இல்லாத 1985 லெ மான்ஸ் தகுதிச் சுற்றில் ஹான்ஸ் ஸ்டுக் 962-ல் 3 நிமிடம் 14.80 வினாடி, சராசரி மணிக்கு 251.8 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அந்தச் சராசரியை 2017-ல் கமூய் கோபயாஷி டொயோட்டா காரில் நூலிழையில்தான் தாண்டினார்.

1984-ல் விதியோடு போர்ஷேக்கு மனக்கசப்பு வந்தது. அந்த ஆண்டு எரிபொருள் அளவை 15 சதவீதம் குறைப்பதாக அறிவித்திருந்தார்கள், போர்ஷே அதற்காக உழைத்துத் தயாராக இருந்தது, பருவம் தொடங்கும் நேரத்தில் குறைப்பைத் தள்ளிவைத்துவிட்டார்கள். கோபத்தில் தொழிற்சாலை அணி லெ மான்ஸுக்கே வரவில்லை. கார்களை விற்றுவைத்தது அப்போதுதான் கைகொடுத்தது, யோஸ்ட் அணியின் 956-ல் கிளாஸ் லுட்விக்கும் ஆன்ரி பெஸ்கரோலோவும் ஜெயித்தார்கள்.

குறைப்பு 1985-ல் அமலுக்கு வந்தது, தொழிற்சாலை அணியும் புதிய 962-களோடு திரும்பி வந்தது. ஜெயித்தது யார்? மறுபடியும் யோஸ்ட், மறுபடியும் பழைய 956, அதுவும் போன வருடம் ஜெயித்த அதே 117 எண் சேசிஸ், அதாவது அதே கார்தான். எப்படி முடிந்தது என்றால், பந்தயத்தின் ஆரம்பத்தில் யோஸ்டின் காரும் ரிச்சர்ட் லாய்ட் அணியின் 956-ம் ஒன்றின் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு, முறை மாற்றி மாற்றி ஓடின. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் பின்னால் வரும் கார் பெடலைக் கொஞ்சம் தளர்த்தினாலும் அதே வேகம் கிடைக்கும், அந்தச் சுற்றில் பெட்ரோல் மிச்சம். அடுத்து இடம் மாறிக்கொள்வார்கள். இரண்டு போட்டி அணிகள்! கடைசியில் யோஸ்ட் முதலிடம், லாய்ட் இரண்டாமிடம், பெல்லும் ஸ்டுக்கும் ஓட்டிய தொழிற்சாலைக் கார் மூன்றாமிடம். யோஸ்ட் அணி எஞ்சினைத் தாங்களே சீர்செய்து, தொழிற்சாலையைவிடச் சிக்கனமாக ஓட வைத்திருந்தது. என்னைக் கேட்டால் குரூப் சி காலத்திலேயே புத்திசாலித்தனமான வெற்றி இதுதான்.

இப்போது 962 எதற்கு வந்தது என்று பார்க்கலாம், அதற்குப் பின்னாலும் ஒரு விதிதான். அமெரிக்காவில் இம்சா என்ற அமைப்பு தனியாக ஒரு பந்தயத் தொடரை நடத்தியது. 956-ல் ஓட்டுநரின் பாதங்கள் முன் சக்கரங்களின் அச்சுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், நேருக்கு நேர் மோதினால் முதலில் நொறுங்குவது கால்கள். இம்சா இதை ஏற்கவில்லை, பாதங்கள் அச்சுக்குப் பின்னால் இருந்தே ஆக வேண்டும் என்றது. அதனால் முன் சக்கரங்களை 12 சென்டிமீட்டர் முன்னால் தள்ளி, உடலையும் அதற்கேற்ப மாற்றிச் செய்ததுதான் 962. எஞ்சினும் அங்கே வேறு, முழுக்கக் காற்றால் குளிரும் ஒற்றை டர்போ. 1984 டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தில் மரியோ ஆன்ட்ரெட்டியும் அவர் மகன் மைக்கேலும் முதல்முறையாக அதை ஓட்டினார்கள், முதல் இடத்தில் தொடங்கியும் பாதியில் நின்றுபோனது. அடுத்த ஆண்டு முதல் 1991 வரையிலான காலத்தில் டேட்டோனாவை 962 ஐந்து முறை வென்றது.

ஐரோப்பாவுக்கு இரட்டை டர்போவுடன் 962சி வந்தது 1985-ல். அந்த ஆண்டு ஆகஸ்டில் கனடாவின் மோஸ்போர்ட் தடத்தில் மான்ஃபிரெட் விங்கல்ஹாக் 962சி விபத்தில் இறந்தார். செப்டம்பர் 1 அன்று பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், ஓ ரூஜ் வளைவில், பெல்லாஃபின் 956-ம் இக்ஸின் 962-ம் உரசி, பெல்லாஃப் இறந்துபோனார். 27 வயது, முந்தைய ஆண்டின் உலக சாம்பியன். 1986 லெ மான்ஸில் யோ கார்ட்னர். அலுமினிய உடல் அவ்வளவு வேகத்து மோதலைத் தாங்கும் பலம் கொண்டதில்லை என்பது அந்தச் சாவுகளில் தெரிந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் உடல் போதாது என்று தனியார் அணிகள் பலவும் தேன்கூட்டு அமைப்புள்ள, இன்னும் உறுதியான உடல்களைத் தாங்களே செய்வித்துக்கொண்டன. வெற்றிகளை மட்டும் வரிசையாகச் சொல்லி இந்தக் காரின் கதையை முடிப்பது அவர்களுக்குச் செய்யும் நியாயமாகாது.

நீடித்த ஓட்டப் பந்தயம் சாலைக் கார்களுக்கு என்ன கொடுத்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். கியர் மாற்றும்போது சக்தி அறுபடாமல் இருக்க இரண்டு கிளட்ச்சுகள் கொண்ட பிடிகே கியர்பாக்ஸை போர்ஷே 956-லும் 962-லும்தான் சோதித்தது. ஒரு கிளட்ச் இப்போதைய கியரைப் பிடித்திருக்கும், அடுத்த கியர் இன்னொன்றில் தயாராகக் காத்திருக்கும், மாற்றும் நேரத்தில் ஒன்று விட்டு இன்னொன்று பிடிக்கும். அப்போது அது கனமானது, அடிக்கடி மக்கர் செய்தது, என்றாலும் 1986-ல் மொன்ஸாவில் ஸ்டுக்கும் பெல்லும் அதை வைத்தே ஜெயித்தார்கள். விற்பனைக்கு வரும் 911-ல் அது வந்தது 2008-ல். அவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டுக் கட்டுப்படுத்தும் மின்னணுவியல் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1986, 1987 லெ மான்ஸ் இரண்டையும் பெல், ஸ்டுக், ஹோல்பர்ட் மூவரும் 962சி-ல் வென்றார்கள். 1987-ல் நிலைமை மோசம். அங்கே வழங்கிய எரிபொருளின் தரம் எஞ்சின் கட்டுப்பாட்டுச் சிப்பில் எழுதியிருந்ததோடு ஒத்துப்போகவில்லை, பந்தயம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே போர்ஷே எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கருகின. தொழிற்சாலை அணிக்கு மிஞ்சியது ஒரே கார். சிப்பை மாற்றி அதைக் காப்பாற்றினார்கள், ஜாகுவார் கார்களும் தடுமாற, மிச்சமிருந்த அந்த ஒன்றே ஜெயித்தது.

ஆனால் 1988-ல் ஜாகுவார் விடவில்லை. இங்கேதான் குரூப் சி விதியின் அழகு முழுசாகத் தெரிகிறது: ஒரு பக்கம் 3 லிட்டர் இரட்டை டர்போ, அலுமினிய உடல், இன்னொரு பக்கம் டர்போவே இல்லாத 7 லிட்டர் வி12, கார்பன் ஃபைபர் உடல். இரண்டுக்கும் ஒரே அளவு எரிபொருள், 24 மணி நேரம் கழித்து இரண்டும் ஒரே சுற்றில் நின்றன. போர்ஷேயை ஓட்டிய லுட்விக் ஆரம்பத்தில் எரிபொருளைத் தவறாகக் கணித்து, தடத்தில் ஏறக்குறைய நின்றுபோய் ஊர்ந்து வந்ததில் இழந்த நேரத்தைப் போர்ஷேயால் கடைசிவரை மீட்க முடியவில்லை. ஜாகுவாரிலோ கியர்பாக்ஸ் உடையும் நிலையில் இருந்தது, யான் லாமர்ஸ் கியரை மாற்றாமலே நான்காவது கியரில் வைத்து ஓட்டி முடித்தார். 394 சுற்றுகள், 5,300 கிலோமீட்டருக்கு மேல். ஆறு ஆண்டுகளுக்கு முன் 956 ஜெயித்ததைவிட 35 சுற்று அதிகம்.

அதற்குப் பிறகு 962 மெல்லப் பின்தங்கியது, விதியும் மாறியது. 1991-ல் எரிபொருள் கணக்கை விட்டு, டர்போ இல்லாத 3.5 லிட்டர் எஞ்சின்தான் இனி என்று உத்தரவு வந்தது. அது கிட்டத்தட்ட ஃபார்முலா 1 எஞ்சின், ஏகப்பட்ட செலவு. தனியார் அணிகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை, 1992-ஓடு உலகத் தொடரே நின்றுபோனது. நல்ல விதி ஒரு விளையாட்டை வளர்த்த அதே வேகத்தில் கெட்ட விதி அதைக் காலி செய்தது.

962-க்கு இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. 1994 லெ மான்ஸில் சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட கார்களுக்கு ஒரு பிரிவு வைத்தார்கள். யோகன் டௌவர் என்ற முன்னாள் ஓட்டுநர் 962-ஐச் சாலையில் ஓட்டும் காராக மாற்றி விற்றுக்கொண்டிருந்தார். சிங்கர் விதியைப் படித்தார். சாலைக் கார் இருக்கிறது, ஆகவே அதன் பந்தய வடிவமும் செல்லும். அடிப்பகுதியைத் தட்டையாக்க வேண்டியிருந்தது, அவர் 1981-ல் வரைந்த சுரங்க வழிகள் போயின, பதிலுக்குப் பெரிய டேங்க் கிடைத்தது, அதனால் புரோட்டோடைப்களைவிடக் குறைந்த முறை பிட்டில் நின்றால் போதும். பந்தயம் முடியும் நேரத்தில் முன்னிலையில் இருந்த டொயோட்டாவின் கியர் இணைப்பு உடைய, யானிக் டல்மாஸ், மௌரோ பால்டி, ஹர்லி ஹேவுட் ஓட்டிய டௌவர் 962 ஜெயித்தது. முதல் 956 வைசாக்கில் உருண்டு அப்போது 12 ஆண்டுகள். அடுத்த ஆண்டுக்குள் அந்த ஓட்டையை விதிப்புத்தகத்தில் அடைத்துவிட்டார்கள்.